திருகாணி

நீகாட்டாவில் மூன்றாம் கயிற்றின்மேல் ஏறி நின்றபோது
கூரையில் மழை. கீழே எழுநூறு பேர்.
குவபாரா கைகளை விரித்து நின்றாள்.
குதிப்பவளுக்கு வேலை எளிது.
பிடிப்பவள்தான் எல்லா எடையும் வாங்கவேண்டும்.
பதினோரு ஆண்டாக என்னைப் பிடித்தவள்.

அன்று அவள் என்னை வெல்வாள்.
டிசம்பரில் செண்டாயில் பட்டமும் வெல்வாள்.
அலுவலகச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில்,
எழுதி ஒட்டியிருந்தது.
பென்சிலால் எழுதியிருந்தது என்பதை
அப்போது யாரும் கவனிக்கவில்லை.

அவள் மார்பில் இறங்கினேன். திரும்பினாள்.
காலணி விரிப்பின் தையலில் மாட்டி நின்றுவிட,
முழங்கால் மட்டும் திரும்பியது.
நனைந்த விறகு ஒடிகிற ஓசை.
எழுநூறு பேரில் எனக்கு மட்டும் கேட்டது.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு,"
என் காதுக்குள் சொன்னாள்,
"இடது பக்கம் வராதே. நடத்து."

நடுவர் அன்ஸாய் குனிந்து பார்த்தார்.
பிறகு தலைக்குமேல் கைகளைக் குறுக்கே வைத்தார்.
எங்கள் தொழிலில் அதற்கு ஒரே பொருள்.
கூட்டம் அதையும் கதையில் சேர்த்துக் கைதட்டியது,
ஸ்ட்ரெச்சர் வரும்வரை.

ஆட்டமே பொய் என்பார்கள். இருக்கட்டும்.
மெய் அங்கே கிடந்தது,
ஒரு காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தலைவர் முனகாட்டா அழைத்தார்.
"ஹதானோ, உன் இடுப்பளவு என்ன?"

அறுபத்தொன்பது என்றேன்.
சொன்ன பிறகுதான் எதற்கென்று புரிந்தது.
புரிந்த பிறகும்
நான் போனை வைக்கவில்லை.

ரயிலில் எதிரே இரண்டு ரசிகர்கள்.
சளிக்கு முகமூடி போட்டிருந்தேன், தெரியவில்லை அவர்களுக்கு.
அவள் எலும்புகளை எண்ணிக்கொண்டு வந்தார்கள்.
இருபத்துநாலில் காறை எலும்பு, அப்போதும் அடுத்தது அவள்தான்.
இருபத்தொன்பதில் கழுத்து, அப்போதும்.
இப்போது முப்பத்துநாலு.
கால் ஊன்ற ஒன்பது மாதம்,
சின்னப் பெண்களிடம் தோற்றுத் தோற்று மேலேறி வர ஒரு வருஷம்.
"முப்பத்தாறில் யார் கொடுப்பார்கள்?" என்றான் ஒருவன்.
மற்றவன் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தான்.

கைக்கு எட்டியது இடைக்கு எட்டவில்லை.

மருத்துவமனையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.
"மன்னிப்புக் கேட்காதே," என்றாள்,
"கேட்டால் நான் ஏதாவது பதில் சொல்லணும்."
பாதிப் பழத்தை நீட்டினாள்.
முழங்காலுக்குள் இரண்டு திருகாணி, டைட்டானியம்,
விமான நிலையத்தில் கத்துமா என்று மருத்துவரைக் கேட்டாளாம்.
சிரித்தோம். ஒருத்தி சிரித்து முடித்த பிறகும்
இன்னொருத்தி கொஞ்ச நேரம் சிரிக்கவேண்டியிருந்தது.

செண்டாயில் வென்றேன்.
பட்டத்தின் பித்தளையில் பெயர்த்தகடு இருக்கவேண்டிய இடம் காலி.
இரண்டு திருகாணித் துளைகள்.
என் தகடு வர இன்னும் இரு வாரம் ஆகும் என்றார்கள்.
அவளுடையது அக்டோபரிலேயே வந்துவிட்டிருந்தது.
ஒப்பனை அறை மேசையில், பழுப்பு உறைக்குள்,
குவபாரா என்று பொறித்து,
துடைத்து.

எடுத்துக்கொண்டேன். காலுறைப் பைக்குள் இருக்கிறது.
கொடுக்கவும் முடியவில்லை அவளிடம், எறியவும்.

இப்போது பிப்ரவரி. நான்கு முறை காத்துவிட்டேன் பட்டத்தை.
நீகாட்டாவில் விழுந்தபோது
என் இடது மணிக்கட்டும் ஏதோ சொன்னது.
அன்றைக்கு அதைக் கேட்க ஆளில்லை.
காலையில் பல்துலக்கி பிடித்தால் நழுவுகிறது.
அன்ஸாயிடம் சொல்லவில்லை. மருத்துவரிடம் சொல்லவில்லை.
இறுக்கிக் கட்டி, மேலே வெள்ளைப் பட்டை ஒட்டி,
அழகுக்கு என்கிறேன்.

நேற்றுப் பயிற்சிக் கூடத்தில், கண்ணாடி வழியே பார்த்தேன்.
பத்தொன்பது வயது ஷிமோகாவா கயிற்றில் சாய்ந்து நிற்க,
முனகாட்டா அவளிடம் ஏதோ கேட்டார்.
அவள் குனிந்து
தன் இடுப்பைப் பார்த்தாள்.